‘சிறப்பு ஏற்பாடுகளுடன் செய்யலாம்’

புதிய மாத்திரை ஒன்று சந்தைக்கு வர வேண்டுமானால் நூற்றுக்கணக்கான, பெரும்பாலும் ஆயிரக்கணக்கான பேரிடம் அதைச் சோதித்துக் காட்டியாக வேண்டும். புதிய அறுவைச் சிகிச்சைக்கு அப்படியொரு கட்டாயம் கிடையாது. கைதேர்ந்த மருத்துவர் ஒருவர் செய்து பார்ப்பார், மற்றவர்கள் அவரிடம் கற்றுக்கொள்வார்கள், சில ஆண்டுகளில் அது வழக்கமாகிவிடும். இங்கிலாந்தின் ‘நைஸ்’ அமைப்பு நிரப்ப முயன்றது இந்த வெற்றிடத்தைத்தான்.

1999இல் தொடங்கிய நைஸ், மருந்தின் விலையையும் பயனையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லும் அமைப்பாகவே வெளியே அறியப்படுகிறது. புதிய சிகிச்சை முறைகளை ஆராயும் அதன் பிரிவிலோ பணப் பேச்சே எழாது. பயன் உண்டா, பாதுகாப்பானதா என்ற இரண்டு கேள்விகள்தான். விடை நான்கில் ஒன்றாக வரும்: வழக்கம்போலச் செய்யலாம், சிறப்பு ஏற்பாடுகளுடன் செய்யலாம், ஆய்வுக்காக மட்டும் செய்யலாம், செய்யவே கூடாது. வரைவை முதலில் வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறார்கள். எந்த ஆய்வுகளை வைத்து முடிவெடுத்தார்கள் என்பதையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பல நாடுகளில் இவ்வளவு வெளிப்படைத்தன்மைகூட இல்லை.

சில இடங்களில் இந்த முறை நன்றாகவே வேலை செய்திருக்கிறது. மூட்டுத் தேய்மானத்துக்கு முழங்காலுக்குள் குழாய் விட்டுக் கழுவுவது ஒரு காலத்தில் மிகச் சாதாரணமான சிகிச்சை. 2002இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரிடம் நடந்த ஆய்வில் ஒரு பிரிவினருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தைத்து அனுப்பினார்கள். உண்மையான சிகிச்சை பெற்றவர்களுக்கு அவர்களைவிட வலி குறைந்துவிடவில்லை. 2007இல் நைஸ், வெறும் கழுவலைத் தேய்மானத்துக்குச் சிகிச்சையாகச் செய்யக் கூடாது என்று எழுதியது. ஐந்தாண்டுத் தாமதம்தான். ஆனாலும் மருத்துவர்களுக்கு வருமானமும் நோயாளிகளுக்கு நம்பிக்கையும் தந்துவந்த ஒன்றை வேண்டாம் என்று சொல்ல ஓர் அரசு அமைப்புக்குத் துணிவு வேண்டும்.

சிக்கல் இரண்டாவது விடையில் இருக்கிறது. ‘சிறப்பு ஏற்பாடுகள்’ என்றால் மருத்துவமனைப் பொறுப்பாளர்களிடம் தெரிவிக்க வேண்டும், சான்று போதாது என்பதை நோயாளிக்குப் புரியவைக்க வேண்டும், விளைவுகளைப் பதிவுசெய்ய வேண்டும். செய்தார்களா என்று யார் பார்ப்பது? நைஸிடம் அதற்கான ஆட்களும் இல்லை, தண்டிக்கும் அதிகாரமும் இல்லை.

‘மெஷ்’ வலையின் கதை இங்கேதான் வருகிறது. பிரசவங்களுக்குப் பின் இடுப்புத் தசைகள் தளர்ந்து கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ கீழிறங்குவது பெண்கள் பலர் வெளியே சொல்லாமல் சுமக்கும் தொல்லை. அதைத் தாங்கிப் பிடிக்கப் பிறப்புறுப்பின் வழியாகப் பிளாஸ்டிக் வலை வைக்கத் தொடங்கினார்கள். குடலிறக்கத்துக்குப் பயன்பட்ட அதே வகைப் பொருள் என்பதால், முந்தையதைப் போன்றதுதான் என்று காட்டியே இத்தகைய வலைகளுக்கு விற்பனை அனுமதி பெற முடிந்தது. 2008இல் நைஸ் இதை ஆராய்ந்தது. கடுமையான பின்விளைவுகள் வரலாம் என்று எழுதிவிட்டு, சிறப்பு ஏற்பாடுகளுடன் செய்யலாம் என்றது. பிரிட்டனில் 35 மருத்துவமனைகளில் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவுகள் 2016 இறுதியில் வந்தன. குறுகிய காலத்தில் வலையால் கூடுதல் நன்மை எதுவும் தெரியவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள், வலை வைத்துக்கொண்டவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் வலை சார்ந்த தொல்லைகள் இருந்தன. 2017 டிசம்பரில் நைஸ் ‘ஆய்வுக்காக மட்டும்’ என்று மாற்றிக்கொண்டது. 2018 ஜூலையில் அரசே இடைநிறுத்தம் அறிவித்தது. சதையோடு சதையாக ஒட்டிவிட்ட வலையை முழுதாக வெளியே எடுப்பது பலருக்கு முடியாத காரியம்.

2008இல் அவ்வளவுதான் தெரியும் என்று நைஸ் குழுவுக்காக வாதிடலாம். எல்லாவற்றையும் ஆய்வுக்குள் அடைத்தால் நல்ல முறைகளும் தாமதமாகும் என்பதும் உண்மைதான். துளைவழிப் பித்தப்பை அறுவையும் பெரிய சோதனைகள் முடியும்வரை காத்திருக்காமல்தான் பரவியது. தொடக்கத்தில் பித்தக்குழாய்க் காயங்கள் கூடினாலும் இன்று அதுவே நிலையான முறை. ஆனால் அபாயத்தை எழுத்தில் ஒப்புக்கொண்ட குழு, அதை எண்ணிக் கணக்கிடும் பொறுப்பை ஒவ்வொரு மருத்துவரின் மனச்சாட்சியிடம் விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. வலையின் பாதிப்புகளையும் ஆராய்ந்த, கம்பர்லெஜ் சீமாட்டி தலைமையிலான விசாரணை 2020இல் அறிக்கை தந்தபோது, எத்தனை பெண்களுக்கு வலை வைக்கப்பட்டது என்ற துல்லியமான கணக்குகூட நாட்டிடம் இல்லை. வலியைச் சொன்ன பெண்களுக்கு, பெண்களுக்கு இதெல்லாம் இயல்புதான் என்ற பதிலே கிடைத்திருந்தது.

கணக்கு வைக்கத் தெரியாத நாடல்ல அது. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றுகளுக்கு 2003 முதல் தேசியப் பதிவேடு இருக்கிறது. உலோகத்தோடு உலோகம் உரசும் ஒருவகை இடுப்பு மூட்டு விரைவில் பழுதாகிறது என்பதை அந்தப் பதிவேட்டின் எண்கள் காட்டின. 2010இல் உற்பத்தி நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. வலைக்கும் அப்படியொரு பதிவேட்டை 2008இலேயே நிபந்தனையாக வைத்து, ஐந்தாண்டுக் கணக்கு வந்து சேராவிட்டால் அனுமதி தானாகக் காலாவதியாகும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். வலையின் கதைக்குப் பிறகும் ‘சிறப்பு ஏற்பாடுகள்’ என்ற முத்திரையோடு நைஸிடமிருந்து வழிகாட்டுதல்கள் வந்தன. அந்த வரியை நைஸ் அவற்றிலும் சேர்க்கவில்லை.