பதினாறாம் மாதத்து ஊசி

"ரெண்டாவது ஊசி போட்டப்புறம்தான் புள்ள பேச்சை விட்டுட்டான்" என்று திருவள்ளூர் மாவட்டம் வேப்பம்பட்டில் ஒரு தாய் சொன்னால், அவள் கண்டதை மறுக்க எனக்கு உரிமையில்லை. தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையை நம் அரசு 16 முதல் 24 மாதத்துக்குள் போடுகிறது. ஆட்டிசத்தின் அடையாளங்கள் வீட்டார் கண்ணில் படுவதும், சில குழந்தைகள் கற்ற சொற்களை இழப்பதும் பெரும்பாலும் அதே மாதங்களில்தான். அவள் சொல்லும் வரிசை உண்மை. முதலில் நடந்தது அடுத்ததற்குக் காரணமா என்பதுதான் கேள்வி.

இந்த மாவட்டத்தில் அச்சத்துக்கு வேர் உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டபின் நான்கு குழந்தைகள் இறந்தன. அதையடுத்து கிராமங்களுக்குச் சென்று போடுவதை நிறுத்தி, மருத்துவர் உள்ள இடங்களிலேயே போட அரசு உத்தரவிட்டது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகள் பள்ளிவரை போயின. முகாம் நாட்களை நீட்டிக்க வேண்டியிருந்தது. அந்த மரணங்களை மறக்காத பெற்றோரை அறியாதவர்கள் என்று ஒதுக்குவது அநீதி. ஆனால் ஊசி போட்டவுடன் நேரும் கேட்டை விசாரிக்கும் வழி வேறு: மருந்துக் குப்பி, கரைப்பான், குளிர்ப்பெட்டி, போட்ட முறை என்று தேடலாம். ஆட்டிசக் குற்றச்சாட்டைச் சோதிக்க, போட்ட குழந்தைகளையும் போடாத குழந்தைகளையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட வேண்டும்.

குற்றச்சாட்டின் மூலம் 1998இல் 'லான்செட்' இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் சகாக்களும் எழுதிய கட்டுரை. அதில் இருந்தவர்கள் 12 குழந்தைகள். ஒப்பிட வேறு குழு இல்லை. தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்க முனைந்த வழக்கறிஞர் தரப்பிடம் அவர் பணம் பெற்றிருந்ததைப் பத்திரிகையாளர் பிரையன் டீர் 2004இல் வெளிக்கொணர்ந்தார். 2010இல் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. வேக்ஃபீல்டின் மருத்துவர் பதிவும் நீக்கப்பட்டது. எழுதியவர் நேர்மையற்றவர் என்பதாலேயே கருத்து பொய்யாகிவிடாது. அதனால் மற்றவர்கள் மீண்டும் சோதித்தார்கள்.

டென்மார்க்கில் 1999 முதல் 2010 வரை பிறந்த 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வில், எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா கூட்டு ஊசி) போட்டவர்களிடம் ஆட்டிசம் கூடவில்லை. அண்ணன் அக்காவுக்கு ஆட்டிசம் உள்ள குழந்தைகளைத் தனியே பிரித்துப் பார்த்தபோதும் கூடவில்லை. 'எல்லாருக்கும் இல்லை, பலவீனமான சில பிள்ளைகளுக்குத்தான்' என்ற வாதத்துக்கு இதைவிட நேரான பதில் இல்லை. ஜப்பான் 1993இல் வேறொரு பக்கவிளைவுக்காக எம்எம்ஆரை நிறுத்தியது. யோகோஹாமாவில் அதன்பின்னும் ஆட்டிச எண்ணிக்கை ஏறியது. இந்தச் சான்றை அளவோடு கொள்ள வேண்டும்: அங்கே தட்டம்மை ஊசி தனியே தொடர்ந்ததால், கூட்டு ஊசிமீதான பழியை மட்டுமே இது நீக்குகிறது.

அடுத்த பழி தயோமெர்சால் என்ற பாதரசச் சேர்மத்தின்மேல். நம் பென்டாவேலன்ட் போன்ற பலதவணைக் குப்பிகளில் அது உண்டு. உயிருள்ள வைரஸைக் கொண்ட தட்டம்மை-ரூபெல்லா ஊசியில் இல்லை. டென்மார்க் 1992இல் அதைக் கைவிட்ட பிறகும் ஆட்டிசம் குறையவில்லை.

என்னை மிகவும் நம்பவைத்தது வேறொன்று. பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகளின் முதல் பிறந்தநாள் வீடியோக்களை ஆராய்ந்து 1994இல் ஓர் ஆய்வு வந்தது. முகம் பார்ப்பதும், பெயர் சொன்னால் திரும்புவதும் ஒரு வயதிலேயே குறைந்திருந்தன. பதினாறாம் மாதத்துக்கு வெகுமுன்பே ஆட்டிசம் தொடங்கிவிட்டிருந்தது.

2025 நவம்பரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், கைக்குழந்தைத் தடுப்பூசிகளுக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருக்கும் சாத்தியத்தை ஆய்வுகள் விலக்கவில்லை என்று தன் பக்கத்தைத் திருத்தியது. இது தவறான அளவுகோல். எந்த ஆய்வாலும் பூஜ்யத்தை நிரூபிக்க முடியாது; தேடவேண்டிய இடங்களில் தேடியும் கிடைக்கவில்லை என்பதே அறிவியல் தரக்கூடிய பதில். தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற கூற்று நிற்கவில்லை.

இதில் எனக்குள்ள கோபம் வீணாகும் மாதங்களைப் பற்றியது. ஊசியைக் குற்றம் சாட்டும் வீட்டில் இரண்டாம் தவணை மட்டுமல்ல, பேச்சுப் பயிற்சியும் தள்ளிப்போகிறது. ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத பிள்ளையை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கோ முட்டுக்காட்டிலுள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துக்கோ அந்த மாதமே கொண்டுபோக வேண்டும்.