உச்சவரம்பில் சிக்கிய ஒரு கிரவுண்டு

செல்வப் பகிர்வு என்றதும் நாம் கஜானாவிலிருந்து வெளியேறும் பணத்தைத்தான் எடைபோடுகிறோம்: பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து, 2023 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை. சொத்தின்மீதே கைவைத்த சட்டமும் தமிழ்நாட்டில் இருந்தது. அது பட்ட பாட்டைத் தாம்பரம் பக்கம் மனை வாங்கியவர்களிடம் கேட்கலாம்.

1978-ஆம் ஆண்டின் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம், ஒருவர் வைத்திருக்கும் காலிமனைக்கு வரம்பு கட்டியது. மிகை நிலம் அரசுக்கு. நோக்கத்தில் பழுதில்லை. பொதுப்பணத்தில் வரும் சாலையும் ரயிலும் ஏற்றிவிடும் நிலவிலை, பட்டாதாரர் உழைத்துச் சம்பாதித்ததல்லவே.

நடைமுறைதான் கெடுத்தது. விலக்குப் பெறச் சட்டத்திலேயே வாசல் இருந்தது. வசதியுள்ளவர்களுக்கு நீதிமன்ற வாசலும் இருந்தது. மிகை நிலத்தையே மனைபோட்டு விற்றவர்களும் உண்டு. வாங்கியவர்கள் சீட்டு எடுத்து, நகையை அடகுவைத்து ஒரு கிரவுண்டுக்கு ஆசைப்பட்டவர்கள். பத்திரம் பதிவானது, பட்டாவுக்குப் போனபோதுதான் நிலம் அரசுடையது என்று தெரிந்தது. அறியாமல் வாங்கியோரிடம் பணம் பெற்று வரன்முறைப்படுத்த 2008-இல் அரசே தனி ஆணை போடவேண்டி வந்தது. பெரிய புள்ளிகளுக்கு விரித்த வலையில் சிக்கியது குமாஸ்தாக்கள்!

அதற்கு முன்பே, 1999-இல் சட்டம் ரத்தாகியிருந்தது. அரசு சுவாதீனம் எடுக்காத நிலங்களின் மீதான நடவடிக்கைகள் அற்றுப்போயின, இழுத்தடித்தவர்களுக்கே லாபம். மறு ஆண்டே தரமணியில் டைடல் பார்க் திறந்தது. தென்புறநகரின் நிலம் பொன்னாகத் தொடங்கிய நேரத்தில் வரம்பு இல்லை. மத்திய அரசு வாரிசுச் சொத்து வரியை 1985-லேயே கைவிட்டிருந்தது. செல்வ வரியும் 2015-இல் போனது.

இதில் பணக்காரர்களின் செல்வாக்கை மட்டும் குறைசொல்வது பாதி உண்மை. பட்டாவுக்கு அலைந்த சிறுமனைக்காரர்களிடம் நிலத்தில் கைவைக்கும் எந்தச் சட்டத்துக்கும் ஓட்டு கேட்க முடியாது. அவர்கள் பயத்தின் நிழலில் நூறு மனை வைத்திருப்பவரும் பத்திரமாக இருக்கிறார். ஆயிரம் ரூபாய்க்கு அப்படி எதிரிகள் இல்லை. அது வீட்டுக்கு உதவுகிறது, மறுக்கமாட்டேன். ஆனால் பெட்ரோலுக்கும் சோப்புக்கும் அதே வீடு கட்டும் வரியில் ஒரு பங்கும் அந்தக் கஜானாவுக்குத்தான் போகிறது.

மிஞ்சியிருக்கும் கருவி சொத்துவரி. 2022 உயர்வில் 600 சதுரஅடிக்குள் உள்ள வீடுகளுக்குக் குறைந்த விகிதம், 1,800-ஐத் தாண்டினால் உச்ச விகிதம் என்று படிவைத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அளவு பார்ப்பது வீட்டைத்தான், உரிமையாளரை அல்ல: 600 சதுரஅடியில் பத்து ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டவருக்கும் பத்துக்கும் அதே குறைந்த விகிதம்.