பேராசிரியர் ஜயதிலக்கவும் அனுபவவாதமும்

இலங்கையில் மெய்யியல் ஒரு பல்கலைக்கழகத் துறையாக வளர்ந்த வரலாற்றிலே பேராசிரியர் கே. என். ஜயதிலக்க (1920-1970) பெறும் இடம் தனித்துவமானது. கொழும்பிலே பிறந்து, பாளியிலும் வடமொழியிலும் புலமை பெற்ற அவர், கேம்பிறிட்ஜில் விற்கன்ஸ்ரைனின் விரிவுரைகளைக் கேட்டவர். பின்னர் பேராதனையில் மெய்யியற்றுறைத் தலைவராக விளங்கியவர். மூலநூற் புலமையும் மொழிப் பகுப்பாய்வுப் பயிற்சியும் ஒருவரிடத்தே கூடியமையின் பேறே 1963இல் ஆங்கிலத்தில் வெளிவந்த 'பூர்வ பௌத்த அறிவுக் கொள்கை' என்னும் பெருநூல்.

புத்தர் காலத்துச் சிந்தனையாளரை அந்நூல் மூவகையினராகப் பகுக்கின்றது. மரபுவழி வந்த வேதத்தைச் சார்ந்தோர் ஒரு சாரார். தருக்கத்தையே சார்ந்தோர் மற்றொரு சாரார். தாமே நேரிற் கண்டறிந்ததைச் சார்ந்தோர் மூன்றாம் சாரார். புத்தர் தம்மை மூன்றாம் சாராருடன் வைத்தெண்ணினார் என்பதைப் பாளிச் சுத்தங்களைக் கொண்டு ஜயதிலக்க நிறுவுகின்றார். இதனடியாகவே பூர்வ பௌத்தம் அனுபவவாதம் என்னும் அவரது முடிபு எழுகின்றது. புத்தர் விடைகூறாது விட்ட வினாக்களிற் சிலவற்றைப் பொருளற்ற வினாக்கள் என அவர் விளக்குமிடத்துக் கேம்பிறிட்ஜின் செல்வாக்குப் புலனாகின்றது. எனினும், சொல்லுக்கு அப்பாற்பட்ட நிலையொன்று எய்தத்தக்கது என்பதைப் பௌத்தம் மறுப்பதில்லை எனக் கூறித் தருக்கப் புலனறிவாதத்தினின்றும் அதனை வேறுபடுத்துகின்றார். இந்நிதானம் பாராட்டுதற்குரியது.

ஆயினும், அம்முடிபு ஐயத்திற்கு இடந்தராததன்று. முற்பிறப்பறிவு போன்ற தியானக் காட்சிகளையும் அனுபவம் என்னும் சொல்லுள் அவர் அடக்குகின்றார். தியானித்தவன் முற்பிறப்பைக் காணாவிடின், குறை அவன் பயிற்சியினது எனப்படுமேயன்றிக் கோட்பாட்டினது எனப்படுவதில்லை. பொய்ப்பிக்க இயலாத ஒன்றைச் சோதனைக்குட்பட்டது எனல் பொருந்துமா? பிராங் ஹொஃப்மன் 1980களில் இக்கொள்கையை மறுத்தெழுதியமை இவ்வகையில் நோக்கத்தக்கது.

தமிழ் மரபை அறிந்தோர்க்கு மேலுமொரு வினா எழும். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் காண்டல், கருத்து என்னும் இரண்டையே பௌத்த அளவைகளாக உரைக்கின்றார். அருணந்தி சிவாசாரியரோ சிவஞான சித்தியாரில் யோகக் காட்சியையும் காட்சியின் வகைகளுள் ஒன்றாகக் கொள்கின்றார். யோகக் காட்சியை ஏற்பதே அனுபவவாதமாயின், சைவசித்தாந்தமும் அனுபவவாதமே என்றாகும். அதனை எவரும் ஒப்பார். ஏனெனில், சித்தாந்தம் ஆகமத்தை உரையளவையாகக் கொள்கின்றது. ஆகவே இரு நெறிகளையும் பிரிப்பது அனுபவத்தை ஏற்பதன்று. நூலுக்கு அளிக்கும் அதிகாரமேயாம். ஜயதிலக்க காட்டிய சான்றுகளும் இம்முடிபுக்கே பெரிதும் துணைபுரிகின்றன. அவர் சூட்டிய பெயர் தளர்ந்தாலும், அவர் கண்ட வேறுபாடு தளர்வதில்லை.

பாளி நூல்களை அவர் ஆராய்ந்த நுட்பத்தோடு தமிழ் அளவை நூல்களும் ஆராயப்படுதல் வேண்டும். அவர் புகழை எடுத்துரைப்பதினும் அவர் முடிபுகளை வினாவுக்கு உட்படுத்துவதே அவர் கற்பித்த துறைக்கு ஏற்ற வழிபாடாகும்.