கால்டுவெல் அத்தியட்சரும் சம்பந்தர் காலமும்

திராவிட மொழிகள் தனியொரு குடும்பத்தன என்னும் உண்மையை விரித்து நிறுவிய பெருமை கால்டுவெல் அத்தியட்சருக்கு உரியது. அயர்லாந்தில் 1814-இல் பிறந்த இவர், 1838-இல் சென்னை போந்து, பின் ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்து, திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியைத் தம் உறைவிடமாகக் கொண்டார். 1856-இல் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். 1877-இல் அத்தியட்சர் பதவி எய்தி, 1891-இல் கொடைக்கானலில் காலமானார். அவர்தம் தமிழ்த்தொண்டு நன்றியொடு போற்றற்பாலது.

ஆயினும், திருஞானசம்பந்தர் காலம்பற்றி அவர் கூறியது ஏற்கத்தக்கதன்று. பிள்ளையார் திருவருளால் கூன் நீங்கிய பாண்டியன் சுந்தர பாண்டியன் எனவும் வழங்கப்பட்டான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறித்த பாண்டியன் பெயரும் அதுவே. இப்பெயரொற்றுமை கொண்டு இருவரையும் ஒருவராக்கிச் சம்பந்தரையும் அந்நூற்றாண்டினராக்கினார் அத்தியட்சர்.

இது சிறு பிழையன்று. இதனைக் கொள்ளின் சமயகுரவர் மெய்கண்டாரோடு ஒருகாலத்தவராவர். திருமுறை முன்னும் சாத்திரம் பின்னுமாய் வந்த சைவ மரபின் வரன்முறையே நிலைகுலையும்.

தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பிக்க நாற்பத்தெண்மரை இராசராசன் நியமித்தமை பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கல்வெட்டால் விளங்கும். பிறவாதார் பாடலை எவர் ஓதுவார்? சம்பந்தர் தம் பதிகத்திற் போற்றிய சிறுத்தொண்டர், வாதாபியை அழித்த படைத்தலைவரெனச் சேக்கிழார் உரைக்கின்றார். நரசிங்கவர்ம பல்லவன் வாதாபி கொண்டது கி.பி. 642-ஐ ஒட்டியதாம். மனோன்மணீயம் இயற்றிய சுந்தரம் பிள்ளையவர்களும் சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டவரல்லர் என நிறுவி, அத்தியட்சர் கொள்கையை மறுத்தனர்.

கல்வெட்டுகளை முறையாகப் படியெடுக்கும் அரசாங்கப் பணி அத்தியட்சரின் இறுதிக் காலத்திலேதான் தொடங்கிற்று. ஆதலின் அவை அவர்க்கு உதவாமை குற்றமாகாது. பெரியபுராணமோ அன்றும் கைக்கெட்டிய நூலே. மொழியாராய்ச்சியில் எண்ணுப்பெயர், மூவிடப்பெயர், வினைவிகுதி எனப் பல சான்றுகளை ஒருங்கு வைத்து முடிபு கண்டவர், வரலாற்றில் ஒரு பெயரை மட்டும் பற்றி முடிபு கட்டினார். தம் நெறியைத் தாமே கைவிட்ட இடத்திலேயே வழுவினார் என்க.

ஆகவே, மொழிநூலிற் பெற்ற புகழ் கால ஆராய்ச்சிக்குச் சான்றாகாது; காலத்தில் நேர்ந்த வழு மொழிநூற் பெருமையைக் குறைப்பதுமன்று. இவ்விரண்டனையும் வேறுபிரித்துக் கொள்ளுதலே அறிஞர் கடனாம்.