இற்செறிப்பு முதல் அறத்தொடு நிலை வரை
(தென்னெல்லைப் புதினங்கள் இரண்டில் இளமையின் மனவளர்ச்சி)

மகளிர் பருவங்களைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழாக வகுத்தனர் நம் முன்னோர். ஆண்டுக் கணக்கும் அவற்றுக்கு உண்டு. மங்கைப் பருவம் 12, 13 ஆண்டுகள். மடந்தைப் பருவம் 14 முதல் 19 வரை. அரிவைப் பருவம் 20 முதல் 25 வரை என்பது பெருவழக்கு. உலா இலக்கியம் இவ்வேழு பருவத்தாரையும் வீதியில் நிறுத்தி, பவனி வரும் தலைவனைக் கண்டு உளம் நெகிழச் செய்தது. ஆயினும் ஒன்றை நாம் நோக்குதல் வேண்டும். உலாவில் மங்கை மங்கையாகவே நிற்கிறாள்; மடந்தை மடந்தையாகவே நிற்கிறாள். ஏழு பெண்களை ஆங்குக் காண்கிறோம். ஏழு பருவங்களைக் கடந்து நடக்கும் ஒரு பெண்ணைக் காண்பதில்லை.

அந்த ஒருத்தியைக் காட்டுவது புதினத்தின் பணியாயிற்று. ஒருவர் வளர்வதைப் பல நாள் உடனிருந்து பார்க்கும் பொறுமை புதினத்திற்கே உரியது. குறிப்பாக, சிறுமை நீங்கியும் முதுமை எய்தாத அந்த இடைக்காலத்தில், உள்ளம் எவ்வாறு முதிர்கிறது என்னும் வினாவுக்குத் தென்னெல்லை மண்ணில் எழுந்த இரு தமிழ்ப் புதினங்கள் அரிய விடை தருகின்றன. ஒன்று, ஹெப்சிபா ஜேசுதாசன் எழுதி 1964-இல் வெளிவந்த ‘புத்தம் வீடு’. மற்றொன்று, நீல பத்மநாபன் எழுதி 1968-இல் வெளிவந்த ‘தலைமுறைகள்’. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை.

காரக்கோணமும் கதைக்களமும்

நம்மில் சிலர் பிறந்ததும் பலர் உறவு கொண்டதுமான காரக்கோணம், நெய்யாற்றின்கரை வட்டத்தில் குமரி மாவட்ட எல்லையை ஒட்டிய ஊர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நிலத்தில் எல்லை வகுத்தனர். கொள்வினை கொடுப்பினையில் எவரும் எல்லை வகுக்கவில்லை. பாறசாலையிலும் காரக்கோணத்திலும் வழங்கும் பேச்சும், எல்லைக்கு அப்பால் வழங்கும் பேச்சும், கோயில் திருவிழாவும் திருச்சபை ஆராதனையும், பனையும் கருப்பட்டியும் ஒரு குடும்பத்துப் பொருள்களே.

நாம் எடுத்துக்கொண்ட ஆசிரியர் இருவரும் திருவனந்தபுரத்தோடு தொடர்புடையவர்கள் என்பது ஈண்டு நினையத்தக்கது. ஒருவர் ஆங்கிலப் பேராசிரியர். மற்றவர் மின்வாரியப் பொறியாளர். இருவரும் தலைநகரில் இருந்துகொண்டு தெற்கே குமரி நாட்டின் சிற்றூர்களை எழுதினர். எழுதும் மேசைக்கும் எழுதப்பட்ட ஊருக்கும் இடையே நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் கிடக்கின்றன. ஆகவே இக்கதைகளை இடைவழி ஊரினராகிய நாம் படிக்கும்போது, அயலார் கதையைப் படிப்பதாகத் தோன்றுவதில்லை.

கதவு அடைபட்ட நாள்

‘புத்தம் வீடு’ பனைவிளை என்னும் சிற்றூரின் கதை. பெயர் புத்தம் வீடு. நாம் காண்பதோ பழம்பெருமை தேய்ந்துவரும் குடும்பம். அவ்வீட்டின் தலைவரைக் கண்ணப்பச்சி என்றே கதை அழைக்கிறது. அவருடைய பேத்தி லிஸி. பள்ளிக்குச் சென்று ஓடியாடிய சிறுமி அவள். பருவம் எய்தியதும் படிப்பு நிற்கிறது. வீட்டின் கதவு அவளுக்கு அடைபடுகிறது. பனையேறி அன்பையனின் மகன் தங்கராஜின்பால் அவள் கொண்ட அன்பு, அடைபட்ட அக்கதவுக்குப் பின்னே வளர்கிறது. பனைக்கு உரியவரும் பனையேறுபவரும் ஒரே சாதியார். ஒரே ஆலயத்தில் முழந்தாளிடுபவர். எனினும் பெண் கொடுக்கும் பேச்சு வரும்போது, விளையை உடையவனுக்கும் அவ்விளையின் பனையில் ஏறி அக்கானி இறக்குபவனுக்கும் இடையே பெரும் பள்ளம் தோன்றுகிறது.

தலைவியைக் காவல் மிகுதியால் வீட்டில் அடைத்து வைப்பதை இற்செறிப்பு என்பது அகப்பொருள் மரபு. லிஸிக்கு நேர்ந்ததும் அதுவே. ஆனால் சங்கப் பாட்டில் இற்செறிப்பு ஒரு துறை. சில அடிகளில் முடிந்துவிடும். ஹெப்சிபா அதனை ஆண்டுகளாக நீட்டிக் காட்டுகிறார். அடைபட்ட ஆண்டுகளில் ஒரு பெண்ணின் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது என்பதே அவர் கேட்கும் கேள்வி.

இதில் வரலாற்றின் கசப்பு ஒன்றும் உண்டு. தோளை மறைத்து ஆடை அணியும் உரிமைக்காக இம்மண்ணின் நாடார் பெண்கள் பல்லாண்டு அல்லல்பட்டனர். 1859-இல்தான் திருவிதாங்கூர் அரசு அவ்வுரிமையை அறிவித்தது. அடியும் அவமானமும் தாங்கி வீதியில் நின்ற அப்பெண்களின் கொள்ளுப்பேத்தி ஒருத்தியைத்தான், குடும்ப மானத்தின் பெயரால், புத்தம் வீடு உள்ளே நிறுத்துகிறது. வெளியிலிருந்து வந்த அடக்குமுறையை எதிர்த்து வென்ற சமூகம், உள்ளே தானே ஒரு காவலை எழுப்பிக்கொள்வதும் உண்டு என்பதை ஆசிரியர் குரல் உயர்த்தாமல் சொல்லிவிடுகிறார்.

உளநூலார் கூறும் தவணை

மேலை நாட்டு உளநூலார் இப்பருவத்தைப் பற்றிக் கூறுவனவற்றையும் சிறிது நோக்குவோம். அமெரிக்க அறிஞர் ஸ்டான்லி ஹால் 1904-இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட நூலில், இதனைக் கொந்தளிப்பும் அலைக்கழிவும் மிக்க காலம் என்றார். எரிக் எரிக்சன் 1950-இலும் 1968-இலும் வெளியிட்ட நூல்களில், ‘நான் யார்’ என்னும் வினாவுக்கு விடை காண்பதே இப்பருவத்தின் தலையாய வேலை என்றார். அவ்விடையைத் தேடுவதற்குச் சமுதாயம் இளையோர்க்கு ஒரு தவணை தருகிறது என்பதும் அவர் கருத்து. பல வேடங்களைப் பூண்டு பார்க்கலாம்; தவறலாம்; திருத்திக்கொள்ளலாம்; முழுப் பொறுப்பு இன்னும் தோளில் ஏறவில்லை. 2000-ஆம் ஆண்டில் ஜெஃப்ரி ஆர்னெட் என்பார், 18 முதல் 25 வரையுள்ள ஆண்டுகளைத் தனிப் பருவமாகவே கொள்ள வேண்டும் என்றார். நம் பாட்டியல் புலவரும் ஏறக்குறைய அவ்வாண்டுகளையே அரிவை எனத் தனியே நிறுத்தியது நினைந்து மகிழத்தக்கது.

ஆனால் லிஸிக்கு இத்தவணை ஏது? ஒரே நாளில் அவள் சிறுமியாக இருப்பது முடிவுற்றது. மறுநாளே குடும்ப மானத்தின் காவற்பொருள் ஆனாள். உளநூலாரின் கணக்குப்படி, தேடுதற்குக் களம் இல்லாத இடத்தில் வளர்ச்சி தடைப்பட வேண்டும். லிஸியோ வளர்கிறாள். எவ்வாறு?

இங்கேதான் ஹெப்சிபாவின் கலைத்திறனைக் காண்கிறோம். லிஸி கொந்தளிப்பதில்லை, நெடிய வசனம் பேசுவதில்லை. தான் விரும்புவது எது என்பதை முதலில் தனக்குள் தெளிகிறாள். அத்தெளிவை மாற்றிக்கொள்ளாமல் இருத்தலையே தன் செயலாகக் கொள்கிறாள். பெரியோரை வெறுக்காமலே அவர்தம் முடிவை ஏலாதிருக்கும் நிலை அது. வெறுப்பால் எதிர்ப்பது எளிது. அன்பு குன்றாமல் உடன்பட மறுப்பது அரிது. அதுவே முதிர்ச்சியின் அடையாளம் என நாம் கருதுகிறோம்.

தோழி இல்லாத தலைவி

அகப்பாடல்களில் தலைவி தன் காதலைப் பெரும்பாலும் தானே பெற்றோரிடம் சொல்வதில்லை. அவள் தோழியிடம் சொல்வாள். தோழி செவிலியிடம் சொல்வாள். செவிலி நற்றாயிடம் சொல்வாள். அங்கிருந்து தந்தைக்கும் தமையர்க்கும் செய்தி செல்லும். இம்முறை வைப்பை அறத்தொடு நிற்றல் என்றனர். காதலை அறமாக ஏற்று, அதன்வழி நிற்பது என்பது எத்துணை உயர்ந்த சொல்! அதனினும் சிறப்பு, இளையவளின் உள்ளத்துக்கும் மூத்தோரின் முடிவுக்கும் இடையே அம்மரபு ஒரு படிக்கட்டு அமைத்திருந்தது என்பதாம்.

புத்தம் வீட்டில் அப்படிக்கட்டு இடிந்துவிட்டது. இற்செறிப்பு எஞ்சியிருக்கிறது, சங்கத் தோழியைப் போன்ற ஒருத்தி மறைந்துவிட்டாள். மரபின் கடுமையை மட்டும் காத்து, அதன் நயத்தை இழந்துவிட்ட குடும்பம் அது. ஆகவே லிஸி தனக்குத் தானே தோழியாக வேண்டியிருக்கிறது.

இவ்விடத்து நாம் ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லுதல் வேண்டும். கதையின் பிற்பகுதியில் ஒரு கொலை நிகழ்கிறது. தங்கராஜின் மேல் பழி விழுகிறது. பின்னர் பழி நீங்கி, லிஸி விரும்பியவனையே மணக்கிறாள். உள்ளத்தின் மெல்லிய வளர்ச்சியை அத்துணை நுட்பமாகக் காட்டிவந்த ஆசிரியர், முடிச்சை அவிழ்ப்பதற்கு வெளியிலிருந்து ஒரு புயலை வரவழைத்தது ஏன் என்று கேட்கலாம். அவளது உறுதி ஒன்றே அவ்வீட்டின் கதவைத் திறந்திருக்குமா என்னும் வினா விடையின்றியே நிற்கிறது. ஒருகால், அக்கால வாழ்வில் அது திறந்திராது என்பதே உண்மையாக இருக்கலாம்.

திரவியின் தோளில் ஏறிய சுமை

‘தலைமுறைகள்’ இரணியலில் வாழும் ஏழூர்ச் செட்டிமாரின் கதை. உண்ணாமலை ஆச்சி சொல்லும் பழங்கதைகளைக் கேட்டு வளர்கிறான் திரவி. அவனுடைய அக்கா நாகம்மை மணமாகிச் சென்ற வீட்டிலிருந்து, பெண்மை இல்லாதவள் என்னும் பொய்ப்பழியோடு திருப்பியனுப்பப்படுகிறாள். ‘இருசி’ என்னும் ஒரு சொல், ஒரு பெண்ணின் வாழ்வை முடித்துவிடப் போதுமானதாக இருக்கிறது.

லிஸியின் உடல் பருவம் எய்தியது. அதனால் அவள் அடைக்கப்பட்டாள். நாகம்மையின் உடல் பருவம் எய்தவில்லை என்றனர். அதனால் அவள் தள்ளப்பட்டாள். இரண்டிலும் பெண்ணின் முதிர்ச்சியை ஊர் அவள் உடலில் மட்டுமே தேடுகிறது. உள்ளம் என ஒன்று இருப்பதை எவரும் உசாவுவதில்லை. இரு புதினங்களையும் ஒருங்கு வைத்துப் படிக்கும்போதுதான் இவ்வொற்றுமை விளங்குகிறது.

திரவி ஆண்மகன். அவனுக்குக் கதவு அடைபடவில்லை; படிப்பு உண்டு; வீதி உண்டு. எரிக்சன் கூறும் தவணை அவனுக்குக் கிட்டியது. அதை அவன் எவ்வாறு பயன்படுத்துகிறான் என்பதே அவனை உருவாக்குகிறது. ஆச்சியின் மடியில் கேட்ட குலப்பெருமைக் கதைகளையும், அக்காவுக்கு அக்குலம் இழைத்த கொடுமையையும் அவன் ஒரே நெஞ்சில் வைத்துப் பார்க்க நேர்கிறது. தான் நேசிக்கும் மரபு தவறும் செய்யும் என உணரும் அந்நாளிலேயே அவன் சிறுவனாக இருப்பது முடிகிறது. அக்காவுக்கு மறுமணம் செய்விக்க அவன் முற்படும்போது ஊரின் பகை எதிரே நிற்கிறது. அம்முயற்சி என்ன ஆயிற்று என்பதைவிட, அதை அவன் தன் கடமையாக ஏற்றான் என்பதே நம் ஆய்வுக்குப் பெரிது.

லிஸி தன் வாழ்வுக்காக நின்று முதிர்கிறாள். திரவி பிறர் வாழ்வுக்காக நின்று முதிர்கிறான். முதிர்ச்சி என்பது உடல் அறிவிக்கும் நாளிலும் இல்லை. ஊர் சடங்கு செய்யும் நாளிலும் இல்லை. ஒன்றை அறமெனத் தேர்ந்து, அதன் விலையைத் தானே கொடுக்க முன்வரும் நாளில்தான் இருக்கிறது. இவ்விரு புதினங்களும் நமக்குக் கற்பிப்பது இதுவே.

நம் இல்லங்களில்

இவற்றை நாம் இளமையில் படித்தபோது காதற்கதையாகவும் குலக்கதையாகவும் மட்டுமே படித்தோம். இன்று மக்களைப் பெற்று, அயல்மண்ணில் வளர்த்து நிற்கும்போது, கண்ணப்பச்சியின் இடத்தில் நாமே அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். அன்றைய பனைவிளைகள் பலவற்றில் இன்று ரப்பர் நிற்கிறது. காரக்கோணத்தில் மருத்துவக் கல்லூரியே எழுந்து, இளம்பெண்கள் அங்கு மருத்துவம் பயில்கின்றனர். ஊரில் கதவு திறந்துகொண்டிருக்க, ஊரைவிட்டுப் போந்த நாமோ, நாம் புறப்பட்ட ஆண்டின் ஊரை நெஞ்சில் பூட்டி வைத்து, அதன் காவலை நம் பிள்ளைகள்மேல் சுமத்துகிறோம் அல்லவா? அச்சம் நமக்கும் உண்டு. அது பொய்யச்சமும் அன்று. அயல் வீதி நமக்குத் தெரியாத வீதி. ஆயினும் அச்சத்தால் அடைத்த கதவுக்குப் பின்னேயும் உள்ளம் வளர்ந்தே தீரும். நாம் அறியாமல் வளரும் என்பதே வேறுபாடு.

ஆகவே நம் முன்னிற்கும் வினா, கதவைத் திறப்பதா அடைப்பதா என்பது மட்டுமன்று. நம் இல்லங்களில் தோழியின் இடம் யாருக்கு? பாட்டியும் அத்தையும் சித்தியும் கடல் கடந்த தொலைவில் இருக்கின்றனர். பிள்ளை பள்ளியில் பேசும் மொழி வேறு. நம்மோடு பேசும் மொழி வேறு. தன் உள்ளத்தைச் சொல்ல அவர்களுக்குத் தமிழில் சொல் இல்லாமற் போனால், அறத்தொடு நிற்க அவர்கள் விரும்பினும் நம்மிடம் வந்து நிற்க வழியில்லை. தாய்மொழியை அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என நாம் வற்புறுத்துவதற்கு இதனினும் வலிய காரணம் வேறில்லை. பெருமைக்காக அன்று, அவர்கள் நம்மிடம் மறுத்துப் பேசுவதற்காக!

ஒவ்வொரு குடும்பமும், சிற்றன்னையாரோ மாமனாரோ, சங்கத்து மூத்த அன்பர் ஒருவரோ, இளையோர் நம்பிப் பேசத்தக்க ஒருவரையேனும் அவர்தம் அருகில் வைத்திருத்தல் நன்று. இவ்விரு புதினங்களையும் நூலகத்தில் தேடி எடுத்து, வளர்ந்த மக்களோடு அமர்ந்து படித்தலும் நன்று. படிக்க இயலாத பிள்ளைகளுக்காக, க.நா. சுப்ரமண்யம் ஆங்கிலத்தில் பெயர்த்து 1972-இல் வெளிவந்த ‘தலைமுறைகள்’ உண்டு. லிஸியின் கதையை நாமே வாய்மொழியாய்ச் சொல்லலாம். சொல்லி முடித்தபின், நீ அவளிடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாய் என ஒரு வினா கேட்போம். அவர்கள் தரும் விடை எதுவாயினும், இடைமறியாமல் கேட்போமாக.