அடுக்களையும் நூலடுக்கும்: பெண்ணிய உணவகம் பற்றிய ஒரு திறனாய்வு

உணவு பற்றிய எழுத்தை நமது இலக்கியத் திறனாய்வு தன் எல்லைக்குள் ஏற்பதில்லை. சமையற் குறிப்பு பத்திரிகையின் பெண்கள் பக்கத்துக்கு உரியது. உணவகம் வணிகத்துக்கு உரியது. நூல் மட்டுமே சிந்தனைக்கு உரியது என்ற பாகுபாடு நம் கல்விக்கூடங்களில் வேரூன்றியுள்ளது. இது இயற்கையான பாகுபாடன்று. உடலுழைப்பையும் மூளையுழைப்பையும் பிரித்து, முன்னையதைப் பின்னையதற்குக் கீழ்ப்படுத்திய வர்க்க சமுதாயத்தின் விளைவே அது. சமைப்பவளும் சிந்திப்பவளும் ஒருத்தியே என்ற கருத்தை ஒரே கூரையின்கீழ் நிறுவனமாக்கிய முயற்சி ஒன்றை எடுத்துக்கொண்டு, அது நமது சூழலில் எப்பொருளைப் பெறும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நமது சூழல் என இங்கு நாம் குறிப்பது ஈழத்துத் தமிழ் வழக்குக்கு உரிய பரந்த பரப்பையே. எனினும் இறுதி உரைகல்லாக நாம் கொள்வது புத்தளம் மாவட்டத்துக் கரைத்தீவையும் அதனை அடுத்த களப்புக் கரையையும் ஆகும். அம்பாறை மாவட்டத்திலுள்ள, விபுலாநந்த அடிகள் பிறந்த கரைத்தீவு வேறு, இது வேறு.

1

ஐக்கிய அமெரிக்காவில் 1972இல் டொலோரஸ் அலெக்ஸாண்டர், ஜில் வார்ட் என்னும் இருவர் நியூயோர்க் நகரில் ‘மதர் கரேஜ்’ என்ற உணவகத்தைத் தொடங்கினர். பிரெஹ்ட்டின் நாடகப் பாத்திரத்தை நினைவூட்டும் பெயர் அது. ஆண்துணையின்றி வரும் பெண் ஒருத்தி எவருடைய பார்வைக்கும் இலக்காகாமல் அமர்ந்து உண்ண ஓர் இடம் வேண்டும் என்ற தேவையே அதனைத் தோற்றுவித்தது. 1977இல் கனெக்ரிக்கட் மாநிலத்தின் பிரிட்ஜ்போட் நகரில், கடற்கரையோரமாகச் செல்மா மிரியம், நோயெல் ஃபியூரி முதலிய பெண்கள் கூட்டாகத் தொடங்கிய ‘பிளட்றூட்’ இதனினும் ஓரடி முன்சென்றது. அது மரக்கறி உணவகமாகவும் பெண்ணியப் புத்தகக் கடையாகவும் ஒருங்கே அமைந்தது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் வளரும், வேர்த்தண்டைக் கீறினாற் செந்நிறச் சாறு கசியும் செடியொன்றின் பெயரே அதற்கு இடப்பட்டது. செல்மா மிரியம் 2025இல் காலமானார்.

பிரிட்ஜ்போட் வெறும் உல்லாசக் கடற்கரை நகரன்று என்பதும் மனங்கொள்ளத்தக்கது. தையல் இயந்திரமும் பெண்களின் உள்ளாடையும் ஆயுதங்களும் உற்பத்தி செய்த தொழில் நகரம் அது. 1915இல் எட்டு மணி நேர வேலை நாளைக் கோரி அந்நகர்த் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தங்களிற் பெண் தொழிலாளர் பெரும் பங்கு கொண்டனர். ஆலைகள் நலிவுற்ற காலத்தில் அந்நகரில் எழுந்த பிளட்றூட்டை, அவ்வுழைப்பு வரலாற்றிலிருந்து பிரித்து நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்காக மட்டும் காண்பது பொருந்தாது.

பிளட்றூட்டின் சிறப்பு அதன் உணவுப் பட்டியலில் இல்லை என்பதே நமது கருத்து. அதன் சிறப்பு, அங்கு பரிமாறுவோர் எவரும் இருக்கவில்லை என்பதிலேயே உள்ளது. உண்ண வந்தோர் தாமே சென்று உணவைக் கேட்டுப் பெறவேண்டியிருந்தது. தாமே எடுத்துவரவேண்டியிருந்தது. உண்டபின் தாம் உண்ட கோப்பையைத் தாமே அகற்றவேண்டியிருந்தது. வாழ்நாள் முழுவதும் பிறருக்குப் பரிமாறியே பழக்கப்பட்ட பெண்கள், பெண்ணியத்தின் பெயரால் இன்னுமோர் இடத்திற் பரிமாறுவதில்லை என எடுத்த முடிவு இது. இல்லத்துள் மறைந்து கிடக்கும் ஊதியமற்ற உழைப்பை உண்பவன் கண்முன்னே நிறுத்திக் காட்டும் செயல் இது. பிரெஹ்ட் தம் அரங்கிற் செய்ய முனைந்த அந்நியமாதலை ஒத்த விளைவினை ஓர் உணவுக்கூடம் இங்கு எய்தியுள்ளது எனலாம். பழக்கத்தாற் கண்ணுக்குப் புலப்படாது போன ஒன்று, பழக்கம் குலைந்தபோது புலப்படுகிறது.

இக்குழுவினர் 1980இல் வெளியிட்ட ‘த பொலிற்றிக்கல் பலற்’ என்னும் சமையல் நூலும் இந்நோக்கிலேயே ஆராயத்தக்கது. பருவத்துக்கேற்ற சமையற் குறிப்புகளுக்கிடையே பெண் எழுத்தாளரின் மேற்கோள்கள் இடம்பெறும் அமைப்பினை உடையது அது. சமையற் குறிப்பு என்ற இலக்கிய வகை பொதுவாக ஏவல் வாக்கியங்களால் ஆனது. ஏன் என்ற வினாவுக்கு அதில் இடமில்லை. அவ்வேவல்களுக்கிடையே வினாக்களை வைத்ததன் மூலம் அந்நூல் வகையையே மாற்ற முனைந்தது. ஓட்றி லோர்ட், ஏட்ரியன் ரிச் போன்ற கவிஞர்கள் அவ்வுணவகத்துக்கு வந்து தம் ஆக்கங்களை வாசித்தமை தற்செயலானதன்று.

2

சமையலைத் தனி வீட்டின் சுவர்களிலிருந்து விடுவித்தல் பெண்ணியம் மட்டும் எழுப்பிய கோரிக்கையன்று. பெண்ணின் விடுதலைக்கு அவள் சமூக உற்பத்தியில் மீளவும் புகுதல் முதல் நிபந்தனை என எங்கெல்ஸ் 1884இல் எழுதினார். 1919இல் லெனின் பொது உணவுச்சாலைகளையும் குழந்தைக் காப்பகங்களையும் பொதுவுடைமையின் இளந்தளிர்களாகக் கண்டார். 1925 முதல் சோவியத் நாட்டிற் பெரும் சமையற் தொழிற்கூடங்கள் தோன்றின. ஆயினும் அத்தொழிற்கூடங்களிலும் அடுப்படியில் நின்றோர் பெரும்பாலும் பெண்களே. சமையல் சமூகமயமாயிற்று; சமையல் பெண்ணுக்குரியது என்ற கருத்தியல் சமூகமயமாகாது எஞ்சிற்று. பொருளாதார அடித்தளம் மாறியதும் மேற்கட்டுமானம் தானே மாறிவிடும் என்ற இயந்திரப் பாங்கான விளக்கத்துக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. பிளட்றூட் எழுப்பிய வினா இந்த இடைவெளியையே தொடுகிறது. இடதுசாரிகள் அதனைக் குட்டி முதலாளித்துவ ஆசாபாசம் என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அது விடையாகாது.

அதே வேளை அதன் எல்லைகளையும் நாம் மறைத்தல் ஆகாது. சந்தைக்குள் நின்றே அது இயங்கிற்று. உண்பதற்குக் காசும் வாசிப்பதற்கு ஓய்வும் உடையோரே அதனை முழுமையாகப் பயன்படுத்த முடியும். பெருவணிகப் புத்தகச் சங்கிலிக் கடைகளும் பின்னர் இணைய வணிகமும் அமெரிக்காவின் பெண்ணியப் புத்தகக் கடைகள் பலவற்றை மூடச் செய்தமை, தனித் தீவுகளாக அமையும் மாற்று நிறுவனங்கள் மூலதனத்தின் முன் எவ்வளவு வலுவற்றவை என்பதைக் காட்டுகிறது.

3

இனி நமது சூழலுக்கு வருவோம். மேனாட்டுப் பெண்ணியவாதிகள் மரக்கறி உணவைத் தேர்ந்தமைக்கு ஒரு தருக்கம் உண்டு. விலங்கின் உடலையும் பெண்ணின் உடலையும் நுகர்பொருளாக்கும் மனப்பாங்கு ஒன்றே என்பது அத்தருக்கம். கரோல் ஆடம்ஸ் 1990இல் வெளியிட்ட நூல் இதனை விரித்துரைத்தது. அச்சமூகத்தில் இறைச்சி ஆதிக்கத்தின் உணவு. அதனை மறுத்தல் எதிர்ப்பு.

தமிழ்ச் சமூகத்தில் நிலைமை நேர்மாறானது. நமது மொழியிற் சைவம் என்பது சமயத்தின் பெயரும் உணவின் பெயருமாகும். இவ்விரு பொருளும் ஒன்றானமை வரலாற்று நிகழ்வே அன்றி இயற்கையன்று. சங்கச் சான்றோர் ஊனும் கள்ளும் உண்டமை செய்யுள்களால் அறியப்படுவது. பெரியபுராணத்துக் கண்ணப்பர் இறைவனுக்கு ஊன் படைத்தவர். திருக்குறளின் புலான்மறுத்தல் அதிகாரம் ஓர் அறக்கோட்பாடு. ஆனால் அக்கோட்பாடு காலப்போக்கில் சாதித் தூய்மையின் அளவுகோலாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாணத்தில் நாவலர் முன்னெடுத்த சைவ மறுமலர்ச்சி புலால் மறுத்தலை நல்ல சைவரின் இலக்கணமாக வலியுறுத்தியபோது, அவ்விலக்கணத்தை நிறைவேற்றும் வசதி யாருக்கு இருந்தது என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும். கடலை நம்பி வாழ்ந்தோருக்கு அவ்வசதி இருக்கவில்லை.

ஆகவே நம்மிடையே சைவக் கடை என்பது தூய உணவு கிடைக்கும் இடமாக மட்டும் இருந்ததில்லை. யார் உள்ளே வரலாம் என்பதைத் தீர்மானிக்கும் வாயிலாகவும் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினருக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் தேநீர் கொடுத்த கடைகளை யாழ்ப்பாணம் அறியும். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நூலில் இருந்தது, கடையில் இருக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தையும் அதனைத் தொடர்ந்த தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்களையும் கே. டானியல் ‘பஞ்சமர்’ முதலிய தம் நாவல்களுக்கு உயிர்ப்பொருளாக்கினார். தமிழகத்தில் 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லுக்கு எதிராகப் பெரியார் கிளர்ச்சி நடத்தியதும் இவ்வரலாற்றின் மற்றொரு பக்கமாகும்.

உணவும் வாசிப்பும் ஓரிடத்திற் கூடுவது நமக்குப் புதியதன்று என்பதையும் இங்கு சுட்டுதல் வேண்டும். தேநீர்க் கடை மேசையிற் கிடந்த பத்திரிகையும் அருகிலிருந்த வாசிகசாலையும் நமது அரசியல் உணர்வை வளர்த்த பள்ளிகள். ஆனால் அவ்விரண்டும் ஆண்களின் பள்ளிகளாகவே இருந்தன. சிரட்டைக்கு எதிராகப் போராடிய நமது முற்போக்கு இயக்கம் குவளையைக் கைப்பற்றியது. அக்குவளையைக் கழுவியவர் யார், வீட்டில் அடுப்பூதியவர் யார் என்ற வினாவை அது முன்னிலைப்படுத்தவில்லை. அப்போராட்டத்தின் பெருமையை இது குறைப்பதன்று. எஞ்சிய பணியின் அளவைக் காட்டுவது.

4

எஞ்சிய பணியைத் தமிழிலக்கியத்திற் கூர்மையாகப் பதிவு செய்த ஆக்கம் அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ ஆகும். 1988இல் வெளிவந்த தொகுதிக்கும் அதுவே பெயர். அஜ்மீர் நகரத்துப் பெரிய குடும்பமொன்றில், மூலையில் ஒதுக்கப்பட்ட இருண்ட சமையலறையை விரிவாக்க மருமகள் விடுக்கும் யோசனை எவ்வாறு முறியடிக்கப்படுகிறது என்பதே கதையின் இயக்கம். அச்சமையலறையில் அதிகாரமும் உண்டு. மூத்த பெண்கள் அடுப்பையும் திறவுகோலையும் வைத்து இளையோரை ஆள்கின்றனர். ஆட்சியற்றோருக்கு அளிக்கப்பட்ட போலி ஆட்சி இது. ஒடுக்குமுறை வெளியிலிருந்து மட்டும் இயங்குவதில்லை, ஒடுக்கப்படுவோர் தம்முள்ளும் அதனை ஏற்று நடத்துகின்றனர் என்பதை அம்பை கோட்பாட்டு மொழியின்றி உணர்த்துகிறார். எனினும் அக்கதையின் விடுதலை தனிமனித விழிப்பின் எல்லையிலேயே நிற்கிறது. சமையலறையை விட்டு வெளியேறும் பெண் எங்கு செல்வாள், எவரோடு சேர்வாள் என்ற வினாவுக்குக் கதை விடை தருவதில்லை. அதற்கு விடை தரவேண்டியது இயக்கமே.

ஈழத்தில் அவ்விடையின் இரு பாதிகளை நாம் காண்கிறோம். ஒரு பாதி நூல். யாழ்ப்பாணப் பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் ‘சொல்லாத சேதிகள்’ கவிதைத் தொகுதியை வெளியிட்டது. தொடர்ந்து ‘நிவேதினி’ போன்ற சஞ்சிகைகளும் மட்டக்களப்பின் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தின் முயற்சிகளும் பெண்ணியச் சிந்தனையைத் தமிழில் நிலைநிறுத்தின. மறு பாதி அடுக்களை. போர் முடிந்த 2009க்குப் பின்னர் வடமாகாணத்தில் விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் ‘அம்மாச்சி’ உணவகங்கள் எழுந்தன. தென்னிலங்கையின் ‘ஹெல பொஜுன்’ உணவகங்கள் இவற்றுக்கு முன்னோடிகள். அம்மாச்சியிற் பெண்களே சமைக்கின்றனர், பெண்களே விற்கின்றனர். போரினாற் குடும்பச் சுமையைத் தனித்துத் தாங்க நேர்ந்த பெண்களுக்குத் தம் கையில் வருமானம் கிடைக்கிறது. குறைந்த விலையில் மரக்கறி உணவும் இலைக்கஞ்சியும் எவரும் வந்து உண்ணலாம். சைவக் கடையின் பழைய வாயிற்காவலை இது ஓரளவேனும் தகர்த்துள்ளது என்பதை நாம் மகிழ்வுடன் ஏற்கிறோம்.

ஆனால் அம்மாச்சியின் பெயர் தாய்மையைப் போற்றுவது, உழைப்பைப் பேசுவதன்று. அங்கு அடுக்களை உண்டு, நூலடுக்கு இல்லை. நமது பெண்ணியச் சஞ்சிகைகளிடம் நூலடுக்கு உண்டு, அடுக்களை இல்லை. முன்னையது உழைக்கும் பெண்களுக்கு வருமானமாகவும் பின்னையது கற்ற பெண்களுக்குக் கருத்தாகவும் பங்கிடப்பட்டுள்ளது. பிளட்றூட் ஒரு கூரையின்கீழ் இணைத்ததை நாம் வர்க்க எல்லைக் கோட்டின்வழியே இரண்டாகப் பிளந்து வைத்துள்ளோம். நமது ஒப்பீட்டின் முடிவு இதுவே.

5

புத்தளம் களப்புக் கரையில் இம்முடிவைப் பொருத்திப் பார்ப்போம். கரைத்தீவு முஸ்லிம் மீனவரின் ஊர். இக்கரை நெடுகிலும் மீன் அறுத்து, உப்பிட்டு, வெயிலிற் பரப்பிக் கருவாடாக்கும் வேலையிற் பெரும் பங்கு பெண்களுடையது. நெய்தல் திணைச் செய்யுள்களில் உணங்கும் மீனைப் பறவை கவராமற் காக்கும் பரதவர் மகளையும் உப்புக்கு நெல் மாற்றும் உமணப் பெண்ணையும் நாம் அழகுக் காட்சிகளாக வாசித்துப் பழகிவிட்டோம். அவை உழைப்பின் காட்சிகள். 1980களிலிருந்து இம்மாவட்டக் கரையிற் பரவிய இறால் வளர்ப்பு கண்டற் காடுகளை அழித்துப் பெருமூலதனத்துக்கு வழிவிட்டது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பகுதியினர் புத்தளத்திலேயே தஞ்சம் புகுந்தனர். முகாம்களின் அடுப்புகளைப் பெண்களே எரித்தனர்.

இக்கரையிற் பெண்ணிய உணவகம் ஒன்று எழுமாயின் அது சைவ உணவகமாக இருத்தல் இயலாது, இருக்கவேண்டியதுமில்லை. மீனை விலக்கும் மேசை மீன் அறுக்கும் பெண்ணை விலக்கும் மேசையாகும். பிளட்றூட்டிலிருந்து நாம் பெறவேண்டியது மரக்கறியன்று. உண்டவர் தம் கோப்பையைத் தாமே அகற்றுதல் என்ற விதியும், சமைப்பவளின் கைக்கெட்டும் தூரத்தில் நூல் இருத்தல் என்ற விதியுமே நாம் பெறவேண்டியவை. அந்நூல்களும் பேராசிரியருக்காக எழுதப்பட்டவையாக மட்டும் இருத்தல் ஆகாது. கருவாட்டின் விலையை யார் தீர்மானிக்கிறார், களப்பு யாருக்குச் சொந்தம் என்பனவற்றை அப்பெண்களின் மொழியிற் பேசுவனவாக இருத்தல் வேண்டும். அத்தகைய நூல்களை எழுதுதல் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் கடமையுமாகும். சமையற் கூடம் வாசிகசாலையாகவும் வாசிகசாலை சமையற் கூடமாகவும் மாறும்போதே ‘சொல்லாத சேதிகள்’ என்ற தலைப்பின் பொருள் கரையோரத்துப் பெண்களையும் சென்றடையும்.