கடுக்காய் தோற்றதா?

செயற்கைப் பொருள் வந்தது, இயற்கைப் பொருள் தோற்றது என்று நம் அறிவியல் நூல்கள் எளிதாக முடித்துவிடுகின்றன. இது அரைக் கணக்கு.

சவ்வாது மலைக் கடுக்காயை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள டானின் என்னும் துவர்ப்பொருளால் தோலைப் பதப்படுத்த வாரக்கணக்கில் ஆகும். ஆலையில் செய்த குரோமியம் உப்புக்கு ஓரிரு நாள் போதும். அத்தோல் கொதிநீரையும் தாங்கும். வெற்றி உண்மையே. ஆனால் தோலில் ஏறாத குரோமியம் கழிவுநீரில் போகிறது. தோல் ஆலைகளால் பாலாறு கெட்டதை 1996-இல் உச்ச நீதிமன்றமே கண்டித்து, மாசுபடுத்தியவர் ஈடு தர வேண்டும் என்றது.

கடுக்காய்க் கழிவும் தூயதன்று. அதுவும் நீரின் ஆக்சிஜனைக் குறைக்கும். ஆகவே பெயரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அறிவியலாகாது. நேரம், தரம், கழிவு, காய் பொறுக்கும் மலைமக்களின் கூலி ஆகிய நான்கையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். மாணவர்களே, எது வென்றது என்று படிக்கும்போது, கழிவு எங்கே போயிற்று என்றும் கேளுங்கள்.